நான்காவது ஷிப்ட்

அவள் டயாலிசிஸ் இயந்திரத்தை நிறுத்தினாள்.

சங்கரபாண்டி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தாயி, இன்னும் ஒரு மணி நேரம் கெடக்குல்லா?"

"இனிமே மூணு மணி நேரந்தான் அண்ணாச்சி. எல்லாருக்கும்."

அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். சிறுநீரகம் இரண்டும் போய் ஐந்து வருடம். வாரம் மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம், அவர் ரத்தம் இந்த இயந்திரத்துக்குள் ஓடித் திரும்பும். ஐந்து வருடமும் ஊசி குத்திய நர்ஸ் அவள்தான்.

புதிய மேலாளர் பிரசன்னா சென்னையிலிருந்து வந்த மாதம் அது. திருநெல்வேலி மையத்தில் பத்து இயந்திரங்கள். மூன்று ஷிப்டில் முப்பது பேர். அவர் ஆளுக்கு ஒரு மணி நேரம் குறைத்தார். நான்கு ஷிப்ட் ஆயிற்று. நாற்பது பேர்.

இங்கே இடம் கிடைக்காமல் மதுரைவரை பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். வாசலிலேயே அழுதார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வாரம் சங்கரபாண்டியின் கால் வீங்கியது. விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி அப்படியே நின்றது.

ஐந்தாவது வாரம், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். உட்கார்ந்தே தூங்குகிறாராம்.

டாக்டர் வாரம் ஒரு முறை வருவார். கையெழுத்துப் போடுவார்.

அவள் ரத்தப் பரிசோதனைத் தாள்களை எடுத்துக்கொண்டு பிரசன்னாவிடம் போனாள்.

"பெரிய உடம்பு சார் அவருக்கு. மூணு மணி நேரத்துல பாதி அழுக்குகூடப் போகல. நாலு வேணும்."

அவர் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். நிதானமாகத்தான் பார்த்தார்.

"தெரியுது. அப்போ அந்த மெஷின்ல ஒரு ஷிப்ட் போயிடும். யாரை வெளிய அனுப்பணும்? பேரைச் சொல்லுங்க."

அவளுக்கு நாற்பது பேருடைய பெயரும் தெரியும்.

தாள்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை யாரையும் கேட்காமல் அவருக்கு நான்கு மணி நேரம் ஓட்டினாள். அடுத்த ஷிப்டுக்குரிய பெண் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயது. முகம் ஊதியிருந்தது. இரண்டு தடவை எழுந்துபோய் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள். ஏன் தாமதம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த தடவை அவருக்கு மூன்று மணி நேரத்தில் நிறுத்திவிட்டாள். சங்கரபாண்டி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "சரி தாயி" என்று செருப்பைத் தேடினார். வீங்கிய காலில் அது ஏறவில்லை. கையில் எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கள்கிழமை அவர் வரவில்லை.

போன் செய்தாள். அவர் மனைவி எடுத்தாள்.

"நேத்து மத்தியானம் போயிட்டாகம்மா. நாற்காலியில உக்காந்தமேனிக்கே."



பிரசன்னா அறை வாசலில் வந்து நின்றார். தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்தவங்களைக் கூப்பிட்டுருங்க."

பத்து மணிக்குக் கூப்பிட்டாள். எட்டு மாதமாக அப்பாவை மதுரைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருக்கும் ஒரு பெண் எடுத்தாள். இடம் காலியாகியிருக்கிறது என்றதும் விசும்பல் கேட்டது. 

"யாரு செஞ்ச புண்ணியமோக்கா!"

அவள் பேனாவை எடுத்தாள்.

"அப்பா பேரு சொல்லுங்க" என்றாள்.