மேல்கோடு

“அந்த நாலு பக்கத்தை எடுத்துடும்மா. உடனே கையெழுத்துப் போட்டுடறேன்.”

வழிகாட்டிப் பேராசிரியர் இப்படிச் சொன்னதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீன மொழி ஆய்வில் ஏழு வருஷம் ஓடிவிட்டது. டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

“ஏன் சார் எடுக்கணும்? அதுல என்ன தப்பு?”

“தப்பு ஒண்ணும் இல்லை. வேண்டாம், அவ்வளவுதான்.”

மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் சீனப் பெருஞ்சுவர். முட்டினால் முட்டுகிறவர் மண்டைதான் உடையும்.

அந்த நாலு பக்கத்தில் இருந்தது அவருடைய தவறு. கடல் கடந்து வேலைக்குப் போன ஒரு சீனத் தச்சன், நூறு வருஷத்துக்கு முன் மனைவிக்கு எழுதிய கடிதம். ‘கடைசியில் ஊர் திரும்புவது முடிவாகிவிட்டது’ என்று பேராசிரியர் தம் புத்தகத்தில் மொழிபெயர்த்திருந்தார். புத்தகம் வந்து மூன்று வருஷம். பரிசெல்லாம் வாங்கியது.

மூலக் கடிதத்தின் படத்தைக் காப்பகம் இந்த வருஷம்தான் இணையத்தில் போட்டது. அவள் பார்த்தாள். திக்கென்றது. சீனத்தில் ‘முடிவு’ என்ற எழுத்தும் ‘இன்னும் இல்லை’ என்ற எழுத்தும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இரண்டிலும் குறுக்கே இரண்டு கோடு. மேல்கோடு நீளமென்றால் முடிவு. கீழ்க்கோடு நீளமென்றால் இன்னும் இல்லை. தச்சன் கீழ்க்கோட்டைத்தான் நீளமாக இழுத்திருந்தான். ஊர் திரும்புவது இன்னும் முடிவாகவில்லை என்று எழுதிய மனுஷனை, பேராசிரியர் பாட்டுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்!

“நாங்க ஒரு புள்ளி விட்டா கிழிகிழின்னு கிழிப்பாரு. தன் தப்புன்னு வந்ததும் பூசி மெழுகறாரு!” என்று வீட்டில் பொரிந்து தள்ளினாள்.

“நாய் படாத பாடு பட்டு எழுதினது. விடாதே, மனு கொடு,” என்றான் கணவன்.

கொடுத்தாள். மறுநாள் துறைத் தலைவி அவளையும் பேராசிரியரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“மேடம், உண்மையை எழுதினேன்னு கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு. பேர் கெட்டுடுமேன்னு பயம்!”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தப்பு என்னோடதுதான். போன மாசமே பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பிட்டேன். அப்புறம் இவங்க ஆய்வேட்டுல அது எதுக்கு?”

“பாத்தீங்களா மேடம்! நான் கண்டுபிடிச்சதை இவரு பேர்ல போட்டுக்கறாரு!”

திருடுவதையும் எவ்வளவு சாதுவாகச் சொல்கிறார்!

“ரெண்டு பேரும் நிறுத்துங்க,” என்றார் தலைவி. “நாலு பக்கமும் இருக்கட்டும். ஆனா தேர்வுக்குழு ஒண்ணு கேட்கும். சார் எதைப் பாத்து மொழிபெயர்த்தாரு? தப்பு எங்கே நுழைஞ்சதுன்னு ஆதாரம் காட்டணும்.”

புத்தக வேலை நடந்த நாளில் காப்பகத்தில் படமெடுக்க விடமாட்டார்கள். அவரோ மாணவர்களில் யாராவதோ உட்கார்ந்து பென்சிலால் நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டு வருவதுதான்.

“அந்த நோட்டு தொலைஞ்சு போச்சு,” என்றார் பேராசிரியர்.

அவள் எழுந்தே விட்டாள். “பொய்! கூசாம பொய் சொல்றாரு மேடம். அவர் அறை பீரோவுல கீழ்த்தட்டுல இருக்கு. போன வாரம்கூடப் பாத்தேன்.”

“வேண்டாம்மா. சொன்னாக் கேளு.” ஏழு வருஷத்தில் முதல் முறையாகப் பெருஞ்சுவர் கெஞ்சியது.

அவளுக்கு அது போதாதா? ஒரே ஓட்டமாகப் போய் எடுத்து வந்தாள். மேசைமேல் போட்டு மளமளவென்று புரட்டினாள். தச்சனின் கடிதம் நாற்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது. அந்த எழுத்தும் இருந்தது, மேல்கோடு முழ நீளத்துக்கு.

“இதோ மேடம்! கண்ணைத் திறந்து பாக்காம கிறுக்கி வச்சிருக்கறதை! எழுத்துக்கூட்டிப் படிக்கற முதல் வருஷப் பிள்ளைங்கதான் இப்படி...”

சட்டென்று நோட்டை மூடப் போனாள்.

துறைத் தலைவி நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பக்கத்தின் அடியில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார்.

“நகலெடுத்தவர்...” நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “இது உங்க கையெழுத்துதானேம்மா?”