மலை விளிம்பில் எழுதியது
அந்த வீடியோ கேமில் புதிதாக நுழைகிறவர்களுக்காகப் பழைய ஆட்கள் தரையில் குறிப்பு எழுதி வைப்பது வழக்கம். குலோத்துங்கனும் மலை விளிம்பில் ஒன்று எழுதியிருந்தான்: "பயப்படாமல் குதி. கீழே புதையல்." முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் குதித்துச் செத்தார்கள். "மூளையக் கழட்டி வச்சிட்டு வர்ற ஜென்மங்க" என்று விழுந்த இடத்தில் முளைக்கும் ஒவ்வொரு கல்லறையையும் பார்த்துக் காறித் துப்பாத குறையாகச் சிரிப்பான். இன்று, மூன்று மாதம் சேர்த்த பலம் முழுவதோடும் டிராகனின் வாசலில் நின்றான். செத்தால் அத்தனையும் போய்விடும். கதவில் யாரோ எழுதியிருந்தார்கள்: "வாளைக் கீழே போட்டுவிட்டு நட. அது ஒன்றும் செய்யாது."

"போட்டுட்டுத்தான் நடங்களேன்" என்றாள் வீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி மேகலா. "பொய் எழுதி அவனுக்கு என்னங்க கெடைக்கப் போவுது?"

கதவு திறந்தது. டிராகன் தலையைத் தூக்கியது. வாளுக்கான பொத்தானின் மேல் குலோத்துங்கனின் கட்டைவிரல் வியர்த்தது.