வெயிலிலும் ஹீட்டர்

வெயில் கொளுத்துகிற வேளையில் கணவன் கார் ஹீட்டரைப் போட்டதும், அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பழைய வண்டிம்மா. என்ஜின் சூட்டை ஹீட்டர் இழுத்துக்கிட்டாத்தான் கொதிக்காம போகும்.”

“காயலான் கடைக்குப் போறதை உங்க தலையில கட்டிட்டாங்க மாப்பிள்ளை,” என்று பின்சீட்டில் சாய்ந்துகொண்டார் அவள் அப்பா.

வேர்வையில் தொப்பலாக நனைந்தவள், மெக்கானிக் கடை வந்ததும் இறங்கிப் போய் மெக்கானிக்கைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

“ரேடியேட்டரே புதுசா மாத்தியாச்சேக்கா. இப்ப வண்டி கொதிக்கவே கொதிக்காது.”

பின்னாலேயே வந்த கணவனை முறைத்தாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

“ஆபரேஷனுக்கு அப்புறம் உங்கப்பாவுக்கு எந்நேரமும் குளிருது. ஸ்வெட்டர் போடச் சொன்னா, ‘நான் என்ன நோயாளியா?’ன்னு எரிஞ்சு விழறார். நோய் வண்டிக்குன்னா பொறுத்துக்கிறார்.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

“மெக்கானிக் என்னம்மா சொல்றான்?”

“இது சரியாகாதாம்ப்பா. ஹீட்டரை இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்றான்.”