ஏழு நாட்டு நண்பர்கள்

"Y2K முடியட்டும்ப்பா, இந்தக் கை தானா சரியாயிடும். காலைல நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்தாதான் ஆபீஸ் வேலை முடியுது," என்றாள் ஜெபராணி, வலது மணிக்கட்டில் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டே. 2000 பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்குத் தேதி குழம்பிவிடும் என்ற பயத்தில் ராப்பகலாக வேலை பார்த்து, 1999 அக்டோபரில் அமெரிக்காவின் சுகர் லேண்டில் கம்ப்யூட்டர் ஆசாமிகள் பாதிப் பேர் அப்படித்தான் பட்டையும் கையுமாகத் திரிந்தார்கள்.

அப்பா ஜீவரத்தினம் குளித்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஈமெயில் பார்ப்பதற்கு எதற்கு இஸ்திரிச் சட்டை என்று கேட்டால், "நாலு பேர் கூடுற இடம்லா?" என்பார்.

முப்பத்தாறு வருஷம் தூத்துக்குடி தந்தி ஆபீஸில் தந்தி அடித்தவர். "மெட்ராஸ்ல உட்கார்ந்து தட்டுறது யாருன்னு நான் இங்கருந்தே சொல்லிப்புடுவேன். ஒவ்வொருத்தன் கையும் ஒவ்வொரு மாதிரிலா" என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. சாயங்காலமானால் ஆபீஸ் வாசலில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு உலக அரசியலை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

மனைவி கண்மணி போன வருஷம் இறந்ததும் மகள் இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வந்த இடத்தில் பேச யார் இருக்கிறார்கள்? மருமகன் ஸ்டெபினுக்கு ஃப்ரீவேயிலேயே பாதி நாள் போய்விடும். சர்ச்சில் பார்க்கிறவர்களோ கிரீன் கார்டைத் தாண்டிப் பேச மாட்டார்கள்.

ஜனவரி மாதம் முழுக்க மனிதர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தால், "டிக்கெட் போட்டுரும்மா, நான் ஊருக்கே போயிடுதேன்" என்பது ஒன்றுதான். ஊரில் பூட்டிய வீட்டில் அவருக்கு ஒரு வாய் கஞ்சி வைத்துக் கொடுக்கக்கூட நாதி இல்லை.

ஜெபராணிதான் இன்டர்நெட்டைப் பழக்கிக் கொடுத்தாள். முதலில் சேர்ந்த ஈமெயில் அரட்டை குரூப்பில் கொசோவோ சண்டையைப் பற்றி மூன்று பக்கம் எழுதினார். 'கிழவா, போய்த் தூங்கு' என்று ஒரே வரியில் பதில் வந்தது. இரண்டாவதில் அப்பன் ஆத்தாளை எல்லாம் இழுத்தார்கள். மூன்றாவதில் இவரையே வெளியே தள்ளிவிட்டார்கள், அன்றைக்கு அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அப்புறம் ஏப்ரலில் எங்கேயோ தேடி இந்தக் குரூப்பைப் பிடித்துக் கொடுத்தாள். இவரைத் தவிர மொத்தமே ஏழு பேர். நார்வேயில் ஒரு டீச்சரம்மா, சிலியில் ஒரு கப்பல் இன்ஜினியர், கென்யாவில் ஒரு டாக்டர் என்று ஏழு நாட்டுக்காரர்கள். இவர் ஒரு பக்கம் எழுதினால் அவர்கள் இரண்டு பக்கம் பதில் போட்டார்கள். மனிதர் தினமும் சவரம் செய்ய ஆரம்பித்ததே அதற்கப்புறம்தான்.

காலையில் மகள் டிபன் டப்பா கட்டும்போது அந்த லெட்டர்களைத் தமிழில் சொல்லிக் காட்டுவார். "இதைக் கேளு! 'நீங்க சொல்றது சரிதான் சார், ஆனா ஓடிப்போன ஜனங்க திரும்பி வர வீடு எங்கே இருக்கு?' எப்படிக் கேட்டிருக்கா பாத்தியா அந்த நார்வேக்காரி!" ஜெபராணி தூக்கக் கலக்கத்தோடு சிரித்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்புவாள்.

இன்றைக்கு அவர் எதையும் சொல்லிக் காட்டவில்லை.

"ஒரு லெட்டர் எழுதிட்டேம்மா. குரூப்பை விட்டு விலகுதேன்னு."

ஜெபராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன்ப்பா? யாராவது தப்பா பேசிட்டாங்களா?"

"சேச்சே. தங்கமான மனுஷங்க."

"அப்புறம் என்னப்பா?"

"போதும்னு தோணிட்டு."

அவளுக்கு அந்த ஜனவரி மாதமும் ஜன்னலும் ஞாபகத்துக்கு வந்தன.

"சரிதான்ப்பா, ஆனா அவங்க உங்களை எதிர்பார்ப்பாங்களே? அந்த நார்வே அம்மா தனியா இருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? பாவம், எவ்வளவு வருத்தப்படுவாங்க! ப்ளீஸ்ப்பா, அதை சென்ட் பண்ணாதீங்க." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

"அனுப்பியாச்சும்மா."

"அப்போ டிக்கெட் போடச் சொல்லுவீங்க. ஊருக்குப் போகணும்பீங்க. அதானே?"

"இல்ல. நான் எங்க போகப் போறேன்? இங்கனதான் இருப்பேன்."

"இங்க யார் கூடப்பா பேசுவீங்க?"

"உங்கூடத்தான். நீ சோறு ஆக்கும்போது பேசுவோம். கார் ஓட்டும்போது பேசுவோம். நாலு மணிக்கு எந்திரிக்காம நல்லாத் தூங்கு, அது போதும் எனக்கு."

ஜீவரத்தினம் எழுந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து தைலக் குப்பியை எடுத்தார். மகளை நாற்காலியில் உட்கார வைத்து, மணிக்கட்டுப் பட்டையைப் பிரித்து, வீங்கியிருந்த இடத்தில் மெதுவாகத் தேய்த்துவிட ஆரம்பித்தார். தேய்க்கத் தேய்க்க அவருக்கே அழுகை வந்துவிட்டது.

"ஏழு பேருக்கும் நீ ஒருத்தியே எழுதுனா, இந்தக் கை என்னத்துக்கும்மா ஆகும்?"