பெண் கேட்கும் முறை

"சின்னம்மா, இந்த ஆளு உங்களைப் பொண்ணு கேட்டு வந்திருக்காரு. தெரிஞ்சவரா?"

ராஜா சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

கெசியாள் நிமிர்ந்து பார்த்தாள். செத்துப்போன ராஜாவின் கடைசி மனைவி அவள். இப்போது சிம்மாசனத்தில் இருப்பவன் மூத்தாள் மகன்.

எதிரே நின்றவன் ஏலோன். தெக்கோவாவில் அவள் பிறந்த வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரன். தலைக்கு எண்ணெய் வைத்து, வெளுத்த அங்கி போட்டு, கையில் ஒரு ஆட்டுக்குட்டியோடு வந்திருந்தான். பக்கத்தில் அவளுடைய அப்பா சக்கூர்.

ஊரில் புருஷனை இழந்த பெண்ணை இப்படித்தான் கேட்பார்கள். பெண்ணின் தகப்பனைக் கூட்டிக்கொண்டு, அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டுப் பெரியவரிடம் போய், மரியாதையாக. அதைத்தான் இருவரும் செய்திருக்கிறார்கள், பாவிகள்.

எருசலேம் அரண்மனையில் வேறு சட்டம் என்பது இவர்களுக்குத் தெரியாது. செத்த ராஜாவின் குதிரையில் எவனும் ஏறக்கூடாது, அவர் மனைவியை எவனும் கேட்கக்கூடாது. கேட்டால் சிம்மாசனத்தையே கேட்டதாக அர்த்தம்.

போன அறுப்புக் காலத்தில் இந்த ராஜாவின் சொந்தத் தம்பியே செத்த ராஜாவின் இன்னொரு மனைவியைக் கேட்டான். மறுநாள் அவனைப் புதைத்தார்கள். காய்ச்சலில் செத்தான் என்று ஊருக்குச் சொல்லிவிட்டார்கள்.

இந்த மதிலுக்குள் உட்கார்ந்தே கிழவியாக வேண்டும் என்பது இருபத்திரண்டு வயதில் கெசியாளுக்குப் புரிந்துபோயிருந்தது. ஏலோனைப் பார்த்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ராஜாவின் பின்னால் நின்ற காவலாளி வாளின் மேல் கை வைத்தான்.

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இவனையா? ஐயோ, ஆட்டு நாத்தம் குடலைப் புரட்டுதே! எந்த ஊர்ப் பைத்தியம் இது? ராஜா வீட்டுப் பொண்ணு வேணுமாமா துரைக்கு? முதல்ல போய்க் குளிக்கச் சொல்லுங்க."

காவலாளிகள் சிரித்துவிட்டார்கள். ராஜாவும் வாய்விட்டுச் சிரித்தான். வாளின் மேல் இருந்த கை இறங்கியது.

ஏலோனின் காது மடல் வரை சிவந்துபோயிற்று. அவன் தலையைத் தூக்கவேயில்லை.

வெறுத்துக்கொள்ளட்டும், என்று நினைத்தாள் கெசியாள். உயிரோடு ஊருக்குப் போய் எவளையாவது கட்டிக்கொண்டு, காலமெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டிருக்கட்டும்.

"சரி சரி, பைத்தியத்தை வெளிய விட்டுட்டு வாங்கடா," என்றான் ராஜா.

ஏலோன் திரும்பி இரண்டடி வைத்தான்.

"ஒரு நிமிஷம், ராஜா."

சக்கூர் முன்னால் வந்தார். தெக்கோவாவின் ஊர்வாசலில் வழக்குத் தீர்க்கும் மூப்பர் அவர். தெரிந்த உண்மையை மறைப்பவன் தலையில் சாபம் விழும் என்று நம்புகிறவர். ஒரு யோக்கியன் கண்ணெதிரே அவமானப்படுவதை அவரால் தாங்க முடியவில்லை. மகள் இந்தப் பெரிய சபையைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டார்.

கெசியாள் தலையை ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள்.

அவர் வலது கையை உயர்த்தினார்.

"கர்த்தர் மேல ஆணையாச் சொல்றேன். எம் பொண்ணு சொல்றது பொய். உங்கப்பா கேட்டு அனுப்பறதுக்கு முன்னாடியே இவளை இவனுக்குத்தான் பேசி வச்சிருந்தோம். இன்னைக்கும் இவளுக்கு இவன்னா உசுரு."

ராஜாவின் சிரிப்பு நின்றது. காவலாளியின் கை மறுபடியும் வாளின் மேல் போனது.

சக்கூர் மகளைப் பார்த்தார். இனி நீ பயப்பட வேண்டாம் என்பதுபோல் முகமெல்லாம் மலரப் புன்னகைத்தார்.