பதினெட்டுக்குக் கீழே

கதவு திறந்ததுமே தெரிந்துவிட்டது. உள்ளே எங்கேயோ ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

வெளியே மைனஸ் இருபத்தாறு. வீட்டுக்குள்ளேயும் என் மூச்சு புகையாக வந்தது. இந்த மாதிரி வீடுகள் ஒரு நாளைக்கு மூன்றையாவது நான் பார்த்துவிடுகிறேன்.

எங்கள் ஊரில் குளிர்காலம் முழுக்க வீடுகளுக்குக் குழாயில் வெந்நீர் அனுப்புவது ஒரு கம்பெனி. அந்தக் குழாய்ச் சூட்டில்தான் உயிர் பிழைக்கிறோம். வீட்டுக்குள் பதினெட்டு டிகிரி இல்லையென்றால், கட்டிய கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும். வீடு வீடாகப் போய் அளந்து பார்க்கிற ஆள் நான்.

பதினெட்டு என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் போதும், ஜனங்களுக்கு மூளை எங்கிருந்துதான் வருமோ. ஒரு வீட்டில் குழாய்மேல் ஈரப் போர்வையைச் சுற்றியிருந்தார்கள். ஒரு வாத்தியார் நான் அளக்கிற மேஜைக்கு அடியில் அண்டா நிறைய உறைந்த பேரிக்காயை ஒளித்து வைத்திருந்தார். ஜன்னலைத் திறந்து போடுவதெல்லாம் அரிச்சுவடி.

என் சூபர்வைசர் தோங் பேச்சை வளர்க்கிறவர் இல்லை. "பதினெட்டுக்குக் கீழ எழுதிட்டு வந்தேன்னா, திருப்பித் தர்ற காசை உன் சம்பளத்துல பிடிச்சுக்குவேன்" என்று ஒரே தடவை சொன்னார். அதிலிருந்து எனக்கும் மூளை வேலை செய்கிறது.

இது மர ஆலைக்காரர்களின் பழைய குடியிருப்பு. மூன்றாம் மாடி, லுவான் அக்கா வீடு. புகார் கொடுத்தவர் அவருடைய கணவர் மா சாங்ஹே. நெஞ்சில் சளி, வீடு பதின்மூன்றைத் தாண்டவே இல்லை, பணம் வேண்டாம், சூடு வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார். பன்னிரண்டு நாளில் நான்கு தடவை போன்.

பணம் வேண்டாம் என்கிறவர்கள்தான் பெரிய கில்லாடிகள். அந்தப் புகாரை நான் அடியில் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அக்கா கோட்டும் தொப்பியுமாக நின்று எனக்கு வழிவிட்டார். தூங்காத முகம்.

படுக்கையறை ஜன்னல் ஆவென்று திறந்து கிடந்தது. கட்டிலில் மனுஷர் படுத்திருந்தார். தலைமாடு வாசல் பக்கம். கம்பளித் தொப்பியும் போர்வையும்தான் எனக்குத் தெரிந்தன.

வந்ததே எனக்குக் கோபம்.

"ஏன்க்கா, சீக்காளியப் படுக்கப் போட்டுட்டு ஜன்னலத் தொறந்து வெச்சிருக்கீங்களே. நாலு காசுக்காகக் கட்டின புருஷனையே விறைக்க வெச்சிருவீங்க போல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறந்தார். நான் பேசவிட்டால்தானே. கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய் ஜன்னலை ஓங்கிச் சாத்தினேன்.

சாத்திய கையோடு கீழே இருந்த குழாயைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது.

ஜன்னலை எவ்வளவு திறந்து வைத்தாலும் குழாய் சுடத்தான் வேண்டும். சுடவில்லை. அப்படியானால் இந்த வீட்டில் நாடகம் எதுவும் இல்லை. பைப்பில் காற்று அடைத்து வெந்நீர் ஓடவில்லை, அவ்வளவுதான்.

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பையிலிருந்த சாவியால் திருகாணியை அரைச் சுற்று திருப்பினேன். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. பின்னாலேயே கறுப்பாகக் கொஞ்சம் தண்ணீர். திருகாணியை இறுக்கினேன். குழாய் ஒவ்வொன்றாகச் சூடேறிக்கொண்டு வந்தது.

இரண்டு நிமிஷ வேலை. புகார் வந்த முதல் நாளே செய்திருக்கலாம்.

அக்கா பக்கத்தில் வந்து குழாயின்மேல் உள்ளங்கையை வைத்தார். சுட்டிருக்கும். எடுக்கவில்லை.

"இதுக்குத்தான் பன்னெண்டு நாளா போன் பண்ணிக்கிட்டுக் கெடந்தாரு" என்றார். பிறகு, திட்டுகிற குரலே இல்லாமல் சொன்னார்: "வெந்நீர் வால்வை மூடிடு தம்பி. இப்பச் சூடு ஆகாது. பையன் ஷென்சென்லேர்ந்து வந்து சேர இன்னும் ரெண்டு நாள் ஆகும்."

எனக்கு விளங்கவில்லை. திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன்.

போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள். கறுப்புத் துணியில் தைத்த புதுச் செருப்புகள், கால்மாட்டில் விறைப்பாக நின்றன. அடியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

விடியற்காலையில் உயிர் போயிருக்கிறது. அக்காவின் தம்பி வெள்ளைத் துணி வாங்கக் கடைக்குப் போயிருக்கிறானாம்.

நான் சொன்ன வார்த்தையை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

வால்வைத் திருகி மூடினேன்.

ஜன்னலை நானே திறந்தேன். இரண்டு கதவையும், முழுசாக.