கரடி முதலாளி போட்ட கூட்டம்

காட்டில் ஒரு கரடி தேன் மண்டி நடத்தியது. அதனிடம் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். முள்ளம்பன்றி எதற்கெடுத்தாலும் சிலிர்த்துக்கொண்டு கத்தும். உடும்போ எதைச் சொன்னாலும் "சரிங்க முதலாளி" என்று தலையாட்டும். ஒருநாள் தூக்க முடியாத சுமைக்கும் சரி என்று சொல்லி, தூக்கிய எட்டுத் தேன்குடங்களையும் போட்டு உடைத்துவிட்டது.

மறுநாள் காலையில் கரடி கூட்டம் போட்டது.

"இனி யாரும் கத்தவும் கூடாது, முழுங்கவும் கூடாது. மனசுல இருக்கிறதை மரியாதையா, தெளிவா, உடனே சொல்லணும்."

பேச்சு நீண்டுகொண்டே போனது. உடும்பின் கண்ணில் நீர் வழிந்தது. கரடிக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா, என் பேச்சு இவனை எப்படி உருக்கிடுச்சு!" என்றது முள்ளம்பன்றியிடம்.

உடும்பு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னது: "முதலாளி, என் வால் மேல நிக்கிறீங்க. தயவுசெஞ்சு காலை எடுங்க."

கரடி துள்ளி விலகியது. "அடடா! எவ்வளவு நேரமா?"

"நீங்க வணக்கம் சொன்னதிலேருந்து."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"'நான் பேசி முடிக்கிறவரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது'ன்னு சொல்லித்தானே கூட்டத்தையே ஆரம்பிச்சீங்க?"

கரடி தலையைச் சொறிந்தது. "அது தப்புதான். இனி நான் பேசும்போதே கையைத் தூக்கலாம். தூக்கினா நான் உடனே நிறுத்திடுவேன். புரிஞ்சுதா? அடுத்ததா நான் சொல்ல வர்றது என்னன்னா..."

உடும்பின் கையும் முள்ளம்பன்றியின் கையும் சேர்ந்தே உயர்ந்தன.

"என்ன?"

"பசிக்குது முதலாளி" என்றது முள்ளம்பன்றி, மிக மரியாதையாக.